பேட்டரியை நம்பாத ஹாரன்

நிறைய யோசித்து வாங்குகிறவர்கள்தான் பெரிதாக மாட்டிக்கொள்கிறார்கள். யோசிக்காமல் வாங்குகிறவர்களுக்கு வருவதெல்லாம் சின்னச் சின்னத் தொல்லைகள். செருப்பு கடிக்கும், குடை மடங்காது, அவ்வளவுதான். நாம் வாங்கிய பொருளுக்காக ஓர் ஊரே சட்டி பானையோடு ஓடி வர வேண்டுமென்றால், அதற்கு என்னைப் போல் முறையாகப் படித்திருக்க வேண்டும்.

1991இல் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, வடக்குப்பட்டில் எங்கள் வீட்டில் இருந்தேன். மின்விசிறி நின்றாலும் ரேடியோ கரகரத்தாலும் "ரூத்தைக் கூப்பிடு" என்பார் அப்பா. (என்னைக் கூப்பிட்ட பிறகு ரேடியோ கடைக்காரரையும் கூப்பிடுவார். அது வேறு விஷயம்.)

என் அக்கா எஸ்தர் கிராமச் சுகாதார செவிலியர். புதன்கிழமைதோறும் தடுப்பூசி மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடப்பாள். சேரப்பணஞ்சேரியைத் தாண்டி உள்ளே ஒரு சின்ன ஊர் இருந்தது. அங்கே மட்டும் அவள் முயற்சி பலிக்கவில்லை. ஊசி என்றாலே அந்த ஊருக்குப் பயம். வயல் வரப்பில் அவள் தலை தெரிந்ததுமே யாராவது குரல் கொடுப்பார்கள். அவள் போய்ச் சேரும்போது ஊரில் ஒரு கைக்குழந்தை கூட இருக்காது. தொட்டில்கள் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

அக்காவின் சூப்பர்வைசர் அம்மா ஒருநாள் பொறுமை இழந்தார். வருகிற புதன்கிழமை நானே நேரில் வந்து பார்ப்பேன், அன்றும் பிள்ளைகள் வரவில்லையென்றால் உன்னை மலைப்பக்கம் மாற்றச் சொல்லி எழுதிவிடுவேன் என்றார். அவ்வளவு தூரத்துக்கு அப்பா அனுப்ப மாட்டார். மாற்றல் வந்தால் வேலையை விட வேண்டியதுதான். அக்கா அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

"நடந்து போறதாலதான் முன்கூட்டியே தெரியுது. ஒரு சின்ன மோட்டார் பைக் இருந்தா, நீ வர்ற சேதி வர்றதுக்கு முன்னாடி நீயே வந்துடுவ" என்றேன்.

"எந்த வண்டி நல்லா இருக்கும்னு ரூத்து பாத்துச் சொல்லட்டும்" என்றார் அப்பா. என் வாழ்க்கையில் அதைவிட இனிமையான வாக்கியத்தை அதுவரை நான் கேட்டதில்லை.

அடுத்த சில நாட்கள் நான் தரையில் நடக்கவில்லை. ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு வண்டியைப் பற்றிக் கனவு கண்டேன். விடியற்காலை, தண்ணீர் மேல் புகை போலப் பனி. அதற்குள்ளிருந்து ஒரு சின்ன இன்ஜின் முணுமுணுக்கும் சத்தம். கரை மேல் அக்கா மிதந்து வருவாள், புடவைத் தலைப்பு பின்னால் பறக்கும், கொக்குகள் கூட எழுந்து பறக்காமல் திரும்பிப் பார்க்கும். (கொக்குகளுக்கு அக்காவைத் தெரியும் என்று எப்படியோ முடிவு செய்திருந்தேன்.)

கனவுக்கு நடுவில் தேவைகளையும் மனதில் வரிசைப்படுத்தினேன். புடவையோடு ஏறி உட்கார முடிய வேண்டும். எடை குறைவாக இருக்க வேண்டும். சேற்றில் சிக்கினால் அவளே தூக்கிவிடலாம். உதிரிப்பாகம் பக்கத்து டவுன் வாலாஜாபாத்திலேயே கிடைக்க வேண்டும். பின்னால் ஐஸ் பெட்டி கட்ட உறுதியான கேரியர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நடு வழியில் நிற்கக் கூடாது.

வாலாஜாபாத்தில் பழைய வண்டி விற்கும் பாஷா பாய் கடையில், என் வரிசையைப் படித்துவிட்டுச் செய்தது போல ஒரு வண்டி நின்றது. பச்சை நிறம், புதிய செயின், ஆடாத சக்கரம். கேரியரோ வீட்டு ஜன்னல் கம்பி போல இருந்தது.

"இதுல இன்னா கட்டியிருந்தாங்க பாய்?"

"ஐஸ் பெட்டி தாம்மா. அதுக்குன்னே வெல்டிங் பண்ண கேரியரு."

எனக்கு உடல் சிலிர்த்தது. ஐஸ் பெட்டி! விதி என்பது இதுதான் என்று நினைத்தேன்.

"ரோடு எப்படி? கிராமத்துல ஓடுமா?"

"ஓடுமாவா? இந்தச் சுத்துப்பட்டு ஊருல இது போவாத சந்து எது கீது சொல்லு. ஒருநாளு கூட நின்னதில்ல."

மின்சார ஹாரனைக் கழற்றிவிட்டு, கைப்பிடியில் ரப்பர் பந்து வைத்த ஹாரன் ஒன்றை மாட்டியிருந்தார்கள். அக்கா அதைப் பார்த்து முகம் சுளித்தாள். நான் அவளுக்குப் பாடம் எடுத்தேன். இது பேட்டரியை நம்பாத ஹாரன். மழையில் கெடாது, ஒயர் அறுந்து போகாது, கிராமத்துக்கு இதுதான் சரி.

"அடிச்சுப் பாக்கலாமா?" என்றாள்.

"பந்த அமுக்கினா காத்து வரும், காத்து வந்தா சத்தம் வரும். இதுல பாக்க இன்னா கீது?" என்றேன்.

கைப்பிடியில் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தது. டூல் பெட்டிக்குள் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. பாய் கடையில் இவ்வளவு பக்தியா என்று ஒரு கணம் யோசித்தேன். ஒரே கணம்தான்.

அக்கா ஏரியில் தண்ணீர் வற்றிய ஓரத்தில் ஓட்டிப் பழகினாள். அந்தப் புதன்கிழமையும் வந்தது. என் வண்டியின் வருகையைக் கண்ணாரப் பார்க்க வேண்டும் என்று நான் பஸ்ஸில் முன்னதாகவே அந்த ஊருக்குப் போய்விட்டேன். புங்கமரத்தடியில் சூப்பர்வைசர் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஊர் அமைதியாக இருந்தது. யாருக்கும் சேதி தெரியவில்லை. வெயில் இலைகளுக்கு நடுவே காசு காசாக விழுந்தது. தூரத்தில் இன்ஜின் முணுமுணுத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்; கனவில் கேட்ட அதே சத்தம்.

வளைவில் ஓர் எருமை குறுக்கே நின்றிருக்க வேண்டும். அக்கா பந்தை அமுக்கினாள்.

பாம்... பாம் பாம்!

கண்ணைத் திறந்தேன். எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. பெண்கள் ஓடி வந்தார்கள். கையில் சட்டி, அலுமினியக் கிண்ணம், முறம், இடுப்பில் குழந்தை. அவர்கள் காலுக்கு நடுவே, வாலைத் தூக்கிக்கொண்டு, ஊரிலுள்ள பூனைகள் அத்தனையும்.

சூப்பர்வைசர் அம்மா எழுந்து நின்றார். "இவ்ளோ பேரா! எஸ்தர் இன்னாமா பண்ணா? சரி, பாத்திரம் எதுக்கு?"

"ஊசி போட்ட எடத்துல ஒத்தடம் குடுக்க மேடம். ஐஸ் வாங்க வராங்க" என்றேன். அவ்வளவு வேகமாக என் மூளை அதற்கு முன் வேலை செய்ததில்லை.

அக்காவை வண்டியை நிறுத்தக் கூட விடவில்லை. "இன்னா மீன்காரரே, ரெண்டு வாரமா ஆளக் காணோம்?" என்று கத்திக்கொண்டே முதலில் வந்த பச்சையம்மா, ஓட்டி வந்த ஆளைப் பார்த்துத் திகைத்தாள். "நர்சம்மா? நீ எப்போ மீன் விக்க ஆரம்பிச்ச?"

இது மீன்காரர் விற்ற வண்டி என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாடையை மறைக்கக் கட்டிய எலுமிச்சை, ஊதுபத்தி, போகாத சந்து இல்லை என்ற பெருமை எல்லாம் புரிந்தது. மீன்காரர் வரும் நாளும் புதன்கிழமையாம்.

அதற்குள் பச்சையம்மா ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டாள். ஐஸுக்கு நடுவே சின்னச் சின்ன மருந்துக் குப்பிகள் மின்னின.

"இன்னாடி இது, ஒரு நெத்திலி கூட இல்ல!"

"நான் புளி கரைச்சி வச்சிட்டு வந்துகீறேன்" என்றாள் பின்னால் நின்றவள். அவள் குரலில் இருந்த துக்கத்தை இன்றும் மறக்க முடியவில்லை. கூட்டம் கலையத் தொடங்கியது. இடுப்புக் குழந்தைகளும் கூடவே திரும்பின. நான் அக்காவைப் பார்த்தேன். மலைப்பக்கம் அவள் கண்ணில் தெரிந்தது.

அக்கா மூச்சை இழுத்துவிட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, பந்தை இன்னொரு முறை அமுக்கினாள். எல்லோரும் திரும்பினார்கள்.

"அடுத்த புதன்கெழம சங்கரா மீன் நானே கொண்டாரேன். ஊசி போட்ட புள்ளையோட அம்மாவுக்கு மட்டும். பச்சையம்மா, புள்ளையக் குடு."

"நெஜமாவா?"

"இதே வண்டி மேல சத்தியம்."

பச்சையம்மா பிள்ளையையும் பார்த்தாள், சட்டியையும் பார்த்தாள். "பெரிய மீனா இருக்கணும்" என்று சொல்லிப் பிள்ளையை நீட்டினாள். மற்றவர்களும் நீட்டினார்கள். மருந்து தீர்ந்து போகும் வரை அந்த ஊர் அழுதது. மீதி ஐஸை ஆளுக்குக் கொஞ்சம் சட்டியில் போட்டு அனுப்பினோம். என் பொய்யும் அப்படி உண்மையாகிவிட்டது. சூப்பர்வைசர் அம்மா மாற்றலைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. கிளம்பும்போது மட்டும், "வண்டியில இன்னாமோ கவிச்சி வாட கீதே" என்றார்.

அக்கா சொன்னபடி மீன் கொண்டுபோனாள். அதன் பிறகு அந்த ஊரில் யாரும் பிள்ளையை ஒளித்து வைக்கவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. கொஞ்ச நாள் கழித்து மீன்காரர் ஆறுமுகம் புது வண்டியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதிலும் அதே பந்து ஹாரன்.

"இன்னாம்மா இது நாயம்? நான் ஹாரன் அடிச்சா அந்த ஊரு புள்ளைங்க எல்லாம் வீல்னு கத்தி வூட்டுக்குள்ள ஓடுதுங்க. புள்ளய சமாதானம் பண்ணிட்டு அவுங்க வெளிய வர்றதுக்குள்ள ஐஸு உருகுது!"

அப்பா பஞ்சாயத்து செய்தார். மீன் என்றால் ஹாரன் இரண்டு தரம், ஊசி என்றால் மூன்று தரம். அந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் முன்பே மூன்று வரை எண்ணக் கற்றுக்கொண்டார்கள்.

வண்டி பல வருடம் ஓடியது. ஒருநாளும் நின்றதில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி என்பதை எங்கள் வீட்டில் யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். நான் கையெழுத்து போடாமல் லைனிலிருந்து எதுவும் வெளியே போகாது. வீட்டுக்கு மிக்ஸி வாங்கினாலும் அக்காவின் கேள்வி மாறுவதில்லை. என் கல்யாணப் பேச்சு வந்தபோது, மாப்பிள்ளையின் படிப்பு, வேலை, குணம் எல்லாவற்றையும் நான் வரிசையாகச் சொல்லி முடித்தேன். அக்கா பொறுமையாகக் கேட்டாள். பிறகு மாப்பிள்ளை வீட்டார் காதில் விழும்படியே கேட்டாள்:

"எல்லாம் சரி ரூத்து. ஹாரன் அடிச்சுப் பாத்தியா?"