வலது ஓரத்தில் மாமனார்

"மாப்பிள்ளை, மேலயும் கீழயும் எதுக்கு இந்தக் கறுப்புப் பட்டை? யாரோ கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கே."

"படம் டிவியை விட அகலம் மாமா. முழுசா வரணும்னா பட்டை வரத்தான் செய்யும்."

"செவுத்துல பாதியை அடைச்சிருக்கு, இதைவிட அகலமா? வக்கீல் சார் வேற வந்திருக்காரு. நிறைச்சுக் காட்டுங்க."

மருமகன் லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்றுபோன லிஃப்டை இறக்கத் தெரியும். பிடிவாதத்தில் ஏறிவிட்ட மாமனாரை இறக்கத் தெரியாது. ரிமோட்டை எடுத்தார்.

மாமனார் இளவயதில் ஒரு சினிமாவில் நடித்தவர். ரயில் நிலையக் காட்சியில், கூட்டத்துக்கு வலது ஓரத்தில், பேப்பர் படித்துக்கொண்டு நிற்பாராம். தியேட்டரில் அந்தப் படம் ஓடவே இல்லை; பழைய சதுர டிவியில் படத்தின் இரண்டு ஓரத்தையும் வெட்டிவிட்டுத்தான் காட்டுவார்கள் என்பதால், அவரை இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. "அகல டிவி வரட்டும், அப்புறம் பேசுங்க" என்பார். அவர் வாயை அடைக்கவோ, மனதைக் குளிர்விக்கவோ, மருமகன் ஒன்று வாங்கிவிட்டார். இந்தக் கதையை நெடுநாளாக நம்பாத எதிர்வீட்டு வக்கீல், சோபாவில் கால்மேல் கால் போட்டுக் காத்திருந்தார்.

மருமகன் படத்தைப் பெரிதாக்கினார். பட்டை போனது. கூடவே இரண்டு ஓரமும் போயின. போர்ட்டர் ஒருவர் பாதி உடம்போடு பெட்டி தூக்கினார்.

"நான் எங்க?"

"டிவிக்கு வெளிய போயிட்டீங்க மாமா."

"எங்கப்பாவை உள்ள கொண்டு வாங்க" என்றாள் மனைவி.

அடுத்த பொத்தான். எல்லோரும் உள்ளே வந்தார்கள், ஆனால் மூங்கில் மாதிரி நெட்டையாக. கதாநாயகியின் கழுத்து முடிகிற வழியாக இல்லை. ஸ்டேஷன் மாஸ்டரின் தலை தொப்பியோடு கூரையை இடித்தது.

"இதை வெச்சு அடையாளம் சொன்னா எந்தக் கோர்ட்டும் ஒத்துக்காது" என்றார் வக்கீல்.

மருமகன் பதறிப்போய் இன்னொரு பொத்தானை அமுக்கினார். மொத்த ரயில் நிலையமும் சுருங்கி, நாலு பக்கமும் இருட்டுக்கு நடுவே ஒரு சின்னச் சதுரமாக உட்கார்ந்தது.

"கிணத்துக்குள்ள எட்டிப் பாக்கவா வக்கீலைக் கூப்பிட்டேன்?" என்றார் மாமனார்.

மருமகனுக்கு வேர்த்துவிட்டது. கடைசியில் படத்தை எடுத்தபடியே காட்டும் அளவைப் போட்டு, காட்சியை அப்படியே நிறுத்தினார். பட்டைகள் திரும்பி வந்தன. ஆனால் பிளாட்பாரம் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, ஒரு விரல்கடை வெட்டில்லாமல் விரிந்து கிடந்தது.

எல்லோரும் வலது ஓரத்துக்குப் பாய்ந்தார்கள். வக்கீல் முட்டி போட்டு, மூக்கு திரையில் உரசப் பார்த்தார்.

"எடை பாக்குற மிஷின் நிக்குது."

"அந்தக் கீழ்ப் பட்டைக்குள்ள இருப்பேன்."

"படுத்துக்கிட்டா பேப்பர் படிச்சீங்க?"

மாமனாரின் முகம் தொங்கிப்போனது. மருமகனுக்கே பாவமாக இருந்தது.

"மிஷினுக்குப் பின்னாடி இருப்பீங்களோ மாமா?"

"பின்னாடியேதான்" என்று மாமனார் கப்பென்று பிடித்துக்கொண்டார்.

அதற்குள் மனைவி திரையின் மறு ஓரத்துக்குப் போயிருந்தாள். "இடது ஓரத்துல குடையைச் சுத்திக்கிட்டு நிக்கிறது யாரும்மா? அச்சு அசல் என்னை மாதிரியே இருக்கா."

மூலையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மாமியார் தலையை நிமிர்த்தவில்லை.

"நான்தான். உங்கப்பா அன்னைக்கு கேமராவுக்குப் பின்னாடி என் பையைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு."