முனீஸ்வரிக்கு மனசு சரியில்லை

என்ன ஆனாலும் சரி, அந்த டாக்டர் வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்று சிவனாண்டி முடிவெடுத்துவிட்டார். சாதாரண முடிவு அல்ல. குளித்து, திருநீறு பூசி, கிழக்கே பார்த்து நின்று எடுத்த முடிவு. விளாங்குடியில் அவர் வீட்டுக்குக் கிழக்கே இருப்பது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. அதுதான் சாட்சி.

முப்பத்தோரு வருஷம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று நோட்டில் குறித்து, நேரமானால் விசில் ஊதி விரட்டுவது வேலை. மூன்று மாதத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றார். மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். டைம் கீப்பருக்குக் கடிகாரம் கொடுப்பது திருப்பதிக்கே லட்டு கொடுப்பது மாதிரிதான். ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

அதிலிருந்துதான் தொந்தரவு. தூக்கம் போயிற்று. படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். கேட் பூட்டியிருக்கிறதா என்று எழுந்து போய் ஆட்டிப் பார்ப்பார். வந்து படுப்பார். ஒழுங்காக ஆட்டினோமா என்று சந்தேகம் வரும். மறுபடி எழுந்து போவார். தெருநாய் முதல் வாரம் குரைத்தது. இப்போது அவரைக் கண்டால் வாலை ஆட்டுகிறது. சாப்பாடு பாதியாகி, கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. இதய டாக்டரிடம் போனார்கள். அவர் என்னென்னவோ எடுத்துப் பார்த்துவிட்டு, "இதயம் ஜம்முன்னு இருக்கு. ஒரு மனநல டாக்டரைப் பாருங்க" என்று சீட்டில் ஒரு பெயரை எழுதிக் கொடுத்தார். அந்தப் படியைத்தான் மிதிக்க மாட்டேன் என்றார் சிவனாண்டி.

"ஏன் மாட்டேங்கிறீக?" என்று கேட்டாள் மனைவி முனீஸ்வரி. அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நூற்றெண்பது பிள்ளைகளுக்கு முட்டை எண்ணிக் கொடுப்பவள். ஒன்று குறைந்தால், அது யார் வாய்க்குள் இருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

"அங்க போனா என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியும்."

"போயிருக்கீகளா?"

"பாத்திருக்கேன்."

"எங்க?"

"ஏழரை மணிக்கு."

ஏழரை மணிக்கு டி.வி.யில் ஒரு சீரியல். முனீஸ்வரிக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. சிவனாண்டிக்கு அதில் வரும் வீட்டு ரேஷன் கார்டில் யார் யார் பெயர் இருக்கும் என்பது வரைக்கும் தெரியும். அந்த வீட்டு மூத்த மருமகளுக்குத் தொண்ணூறு நாள் பைத்தியம் பிடித்திருந்தது. முதல் நாள் தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். மறுநாள் காரணமில்லாமல் சிரித்தாள். மூன்றாம் நாள் இரண்டு தடியர்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். இரும்புக் கட்டில், சங்கிலி, முழங்கை நீளத்துக்கு ஊசி. டாக்டர் தலையில் ஒரு தொப்பியை மாட்டி சுவிட்சைப் போட்டால், ஆஸ்பத்திரி முழுக்க லைட் மினுக்மினுக்கென்று அணைந்து எரிந்தது. கடைசியில் மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில்தான் அவளுக்குப் புத்தி திரும்பியது. ஆனால் அந்த அடியில் புருஷன் யாரென்பது மறந்துபோனது.

"கரண்டு வைப்பாங்க முனீசு."

"நம்ம தெருவுல மோட்டாருக்கே கரண்டு பத்தல. உங்களுக்கு எங்க வைக்கிறது?"

"சங்கிலி போடுவாங்க."

"கட்டுன பொண்டாட்டிக்கே மஞ்சக் கயிறுதான். உங்களுக்குச் சங்கிலி கேக்குதாக்கும்?"

"சிவனாண்டிக்குக் கிறுக்குன்னு ஊரு சொல்லாதா?"

"ராத்திரிக்குப் பதினோரு தடவ கேட்டைப் போயி ஆட்டுறீக. அம்புட்டையும் ஊரு ஏற்கெனவே சொல்லி முடிச்சிருச்சு."

முடிவு முடிவுதான் என்றார் சிவனாண்டி. அவள் மேற்கொண்டு பேசவில்லை. முனீஸ்வரி பேசாமல் இருந்தால் உஷாராக இருக்க வேண்டும் என்பது இருபத்தெட்டு வருஷத்துப் பாடம். அன்றைக்குப் பார்த்து அதை மறந்துவிட்டு, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் காப்பியை நீட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "ஏங்க, எனக்குத்தான் மனசு சரியில்ல."

"என்ன சொல்ற?"

"அந்த டாக்டரம்மாட்ட வெள்ளிக்கிழமைக்கு டோக்கன் போட்டிருக்கேன். ஒத்தையில போக ஒரு மாதிரியா இருக்கு. கூட வாரீகளா?"

டம்ளர் ஆடிக் காப்பி வேட்டியில் கொட்டியது. சுட்டதுகூட அவருக்கு உறைக்கவில்லை. ஆயிரம் சண்டை போட்டிருக்கலாம். ஆனால் முனீஸ்வரிக்கு ஒன்று என்றால் இந்த வீடு வீடாக இருக்காது என்பது அவருக்குத் தெரியும். கிழக்கே பார்த்து எடுத்த முடிவு நினைவுக்கே வரவில்லை. "வாரேன் முனீசு" என்றார்.

அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியதும் எதிர்வீட்டுக் காசிமாயனிடம் ஓடினார். காசிமாயன் மினி வேன் ஓட்டுபவர். ஏழரை மணிக்கு மட்டும் வேன் எங்கே நின்றாலும் நின்றதுதான். செல்போனில் சீரியல் ஓடும்.

"மதினி முடிய அவுத்து விட்டாகளாண்ணே?"

"தலை குளிச்சா விடுவா."

"சிரிச்சாகளா?"

"நேத்து என்னப் பாத்துச் சிரிச்சா."

"காரணமில்லாமலா?"

"பனியனத் திருப்பிப் போட்டிருந்தேன்."

"அது கணக்குல வராதுண்ணே. இது உள்ளுக்குள்ள இருக்குற வகை. அதுதான் ஆபத்து. மொதல்ல அருவாமனை, கத்தியெல்லாம் ஒளிச்சு வைங்க. ராத்திரி கண்ணக் கொட்டாமப் பாருங்க. என்னென்ன செய்றாகன்னு நேரம் போட்டு எழுதி வைங்க. டாக்டரு கேப்பாக."

வேலிக்கு ஓணான் சாட்சி. இரண்டு பேர் பார்த்ததும் ஒரே சீரியல். ஆனால் 'நேரம் போட்டு எழுதி வைங்க' என்றதும் சிவனாண்டிக்கு மூன்று மாதத்தில் முதல் முறையாக உடம்பில் ஒரு தெம்பு வந்தது. பழைய கட்டம் போட்ட நோட்டு ஒன்று மிச்சம் இருந்தது. பேனாவில் மை இருக்கிறதா என்று உதறிப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "ஏங்க, அருவாமனை எங்க?"

"எதுக்கு?"

"கத்திரிக்காயக் கடிச்சா கொழம்புல போட முடியும்?"

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, அவள் நறுக்கி முடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதையும் நோட்டில் எழுதினார்.

வெள்ளிக்கிழமை போனார்கள். காளவாசல் பக்கம் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடி. சிவனாண்டி முதலில் தேடியது தடியர்களை. யாரும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேங்கில் வேலை பார்ப்பவர் மாதிரி ஒருவர், பேப்பர் படித்துக்கொண்டு ஒரு பெரியவர், மடியில் கீரையை வைத்து ஆய்ந்துகொண்டு ஒரு அம்மாள். எல்லாத் தலையும் படிய வாரியிருந்தது. கலைந்திருந்த ஒரே முடி, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்த சிவனாண்டியுடையது.

பக்கத்திலிருந்தவரிடம் ரகசியமாகக் கேட்டார். "அண்ணே, உள்ள கட்டுறதெல்லாம் உண்டா?"

"உள்ள இல்லண்ணே. வெளிய கவுன்டர்லதான் கட்டணும்."

"சிவனாண்டி!" என்று உள்ளிருந்து கூப்பிட்டார்கள். பெண்கள் பேரைச் சபையில் கூப்பிடாமல் புருஷன் பேரைச் சொல்கிறார்கள், மரியாதையான இடம்தான் என்று நினைத்துக்கொண்டு முனீஸ்வரியோடு எழுந்து போனார்.

டாக்டர் மைத்ரேயிக்கு நாற்பது வயது இருக்கும். காட்டன் சேலை. வெள்ளைக் கோட்டும் இல்லை, ஊசியும் இல்லை. மேஜையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது.

"உக்காருங்க. சொல்லுங்க."

"இவளுக்குத்தான் டாக்டரம்மா. நான் தொணைக்கு" என்று சொல்லிவிட்டு, சிவனாண்டி நோட்டைப் பிரித்தார். தொண்டையைச் செருமி வாசித்தார். "திங்கட்கிழமை. பத்து நாப்பது, படுத்தாள். பத்து நாப்பத்தி நாலு, தூங்கினாள். பதினொண்ணரை, தூங்குகிறாள். பன்னெண்டே கால், தூங்குகிறாள், லேசான குறட்டை. ஒண்ணு அஞ்சு, தூங்குகிறாள். ஒண்ணு அம்பது..."

"தூங்குறாங்க."

"ஆமா. எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க?"

"நாலு நாளும் எழுதியிருக்கீங்களா?"

"ஒரு நாள் விடல."

"இடையில எந்திரிக்கவே இல்லையா?"

"ஒரே ஒரு தடவ. ரெண்டு இருவதுக்கு. 'பேசாமப் படுங்க'ன்னு சொல்லிட்டு மறுபடி தூங்கிட்டா."

"யாருகிட்ட சொன்னாங்க?"

"எங்கிட்டத்தான்."

டாக்டர் நோட்டை வாங்கி நிதானமாகப் புரட்டினார். "ரொம்ப நல்ல ரெக்கார்டு சார். இவங்க தூக்கம் பிரமாதமா இருக்கு. இத எழுதுனவரு எப்பத் தூங்குனாரு?"

சிவனாண்டி நோட்டை வாங்கி முன்பக்கம் பார்த்தார். பின்பக்கமும் பார்த்தார். அப்படி ஒரு வரியே இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சிவனாண்டி சொந்தக் கையெழுத்தில் கெட்டார்.

டாக்டர் மேஜை மேல் இருந்த ஃபைலைத் திருப்பிக் காட்டினார். சிவனாண்டி, வயது அறுபது என்று இருந்தது. "உங்ககிட்ட ஒளிக்க எனக்கு இஷ்டம் இல்ல. டோக்கன் உங்க பேருலதான் இருக்கு. உங்க வீட்டுல போன் பண்ணி, 'கூட்டிட்டு வந்துருவேன், அப்புறம் உங்க பாடு'ன்னாங்க. பேச விருப்பம் இல்லைன்னா நீங்க இப்பவே எந்திரிச்சுப் போகலாம். கதவு சும்மாதான் சாத்தியிருக்கு."

சிவனாண்டி மனைவியைப் பார்த்தார். "மனசு சரியில்லன்னு சொன்னியேடி?"

"நீங்க ராவெல்லாம் இப்பிடி அலைஞ்சா என் மனசு எப்பிடிச் சரியா இருக்கும்?" என்றாள் முனீஸ்வரி. கண் கலங்கியிருந்தது. அதில் நடிப்பு எதுவும் இல்லை.

எழுந்து போய்விடத்தான் நினைத்தார். அதற்குள் டாக்டர் ஒரு கேள்வி கேட்டுவிட்டார். "எத்தன மணிக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும் சார்?"

மூன்று மாதமாக அவரிடம் யாரும் மணி கேட்கவில்லை.

"நாலு பத்து" என்றார். "தேனிக்கு மொத வண்டி. நான் விசில் ஊதாம அது நகராது. முப்பத்தோரு வருஷம்." நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "இப்பவும் போகுது டாக்டரம்மா. விசாரிச்சேன். நான் இல்லாம, கரெக்டா நாலு பத்துக்குப் போகுது."

அப்புறம் அவர் பேசிக்கொண்டே இருந்தார். டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார். இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. இதற்குப் பேர் பதற்றம், வேலையை விட்டபிறகு எத்தனையோ பேருக்கு வருவது, சரியாகிவிடக்கூடியது என்றார் டாக்டர். தைராய்டு கோளாறு இருக்கிறதா என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு சின்ன மாத்திரை, காலையில் நடை, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வந்து பேச வேண்டும். வைத்தியம் அவ்வளவுதான்.

சிவனாண்டிக்கு நம்பிக்கை வரவில்லை. "கரண்டு?"

"அது சில பேருக்குத் தேவைப்படும். ஆஸ்பத்திரியில மயக்க மருந்து குடுத்து, வலி தெரியாமச் செய்வாங்க. உங்களுக்குத் தேவையில்ல."

"சங்கிலி?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஏழரை மணி சீரியலா?"

"நீங்களும் பாக்குறீகளா?"

"எங்க மாமியார் பாக்குறாங்க. நான் அடுத்த ரூமுக்கு எந்திரிச்சுப் போயிருவேன்."

"அந்த மூத்த மருமகளுக்கு என்ன சீக்குங்க?"

"அத கதை எழுதுறவருகிட்டத்தான் கேக்கணும். எங்க புஸ்தகத்துல இல்ல."

குணம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. சீரியலாக இருந்தால் மாடிப்படியில் உருட்டிவிட்டு முடித்திருப்பார்கள். முதல் வாரம் வாய் உலர்ந்தது, மாத்திரையைத் தூக்கிப் போடுவேன் என்று சண்டை பிடித்தார். மூன்றாம் வாரம் கேட்டுக்குப் போவது நான்கு தடவையாகக் குறைந்தது. ஐந்தாம் வாரம் ஒரு நாள் கண்ணை விழித்துப் பார்த்தால் ஜன்னலில் வெயில். தேனி வண்டி உசிலம்பட்டி தாண்டிப் போய்ச் சேர்ந்தே இருக்கும். கேட்டில் காத்திருந்த நாய்க்குத்தான் ஏமாற்றம்.

அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. சீரியலில் டாக்டர் ஊசியோடு வந்தால், "மொதல்ல உக்கார வச்சுப் பேசுய்யா!" என்று டி.வி.யை அதட்டினார். காசிமாயனுக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை என்றதும், டோக்கன் போடட்டுமா என்று வேனை மறித்து நின்றார்.

நான்காவது தடவை டாக்டரைப் பார்த்துவிட்டு இறங்கியபோது, கீழே டீக்கடையில் இரண்டு டீ சொன்னார். மனுஷன் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"என்ன இருந்தாலும் நீ செஞ்சது ஏமாத்து வேலதான் முனீசு. அன்னைக்கு நான் பதறிட்டேன், அதான் மாட்டிக்கிட்டேன். நெசமாவே உனக்கு மனசு சரியில்லன்னா எனக்குத் தெரியாமப் போயிருமா? ஒரு வண்டி ரெண்டு நிமிசம் பிந்துனா, ஹாரன் சத்தத்துலயே கண்டுபிடிக்கிற ஆளு நானு."

முனீஸ்வரி டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். "இந்த டாக்டரம்மாவ எனக்கு மூணு வருசமாத் தெரியும்."

"எப்பிடி?"

"எங்கம்மா செத்தப்புறம் எனக்குச் சோறு எறங்கல. எந்நேரமும் அழுகையா வரும். எட்டு மாசம் இங்கதான் வந்து போனேன். நீங்க பயந்துருவீகன்னு, உங்ககிட்ட தையல் கிளாஸுன்னு சொல்லிட்டு வருவேன்."

சிவனாண்டியின் டம்ளர் பாதி வழியில் நின்றது. வாயில் முதலில் வந்தது அவர் தொழில்தான். "சனிக்கிழம சனிக்கிழம போவியே. மூணரைக்குக் கெளம்பி அஞ்சு பத்துக்கு வந்துருவ. ஒரு நாள் மட்டும் அஞ்சு இருவத்தஞ்சு."

"நேரமெல்லாம் கரெக்டாத்தான் சொல்றீக" என்றாள் முனீஸ்வரி. "எட்டு மாசத்துல ஒரு ஜாக்கெட்டாவது தச்சியான்னு கேட்டீகளா?"