நீலக் குருவிக்கு ஒரு நீள லென்ஸ்

"இது குருவியா, இல்ல கண்ணாடியில அழுக்கா?" என்று கேட்டான் நிரோஷன்.

கம்ப்யூட்டர் திரையில், பச்சைக்கு நடுவே நீலமாக ஒரு பொட்டு. அந்தப் பொட்டுக்காக அவன் மனைவி சுதர்ஷினி ஞாயிறு முழுக்க அட்டைக்கடி வாங்கியிருந்தாள். வாரத்தில் ஆறு நாள், தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் மூக்குச் சிந்திவிடுகிறவள். ஏழாவது நாள் குருவிக்கு. அதில் யாரும் குறுக்கே வரக் கூடாது.

"பெரிய லென்ஸ் வாங்கப் போறேன்."

"எதுக்கு? போன்லயே எடுக்கலாம்ல?"

"போன்ல உங்க மூஞ்சிய எடுங்க. எனக்குக் குருவி வேணும்."

மறுவாரமே ஹட்டனில் ஒரு ஸ்டூடியோக்காரர் கழித்துப்போட்ட லென்ஸோடு வந்து நின்றாள். முழங்கை நீளம். குருவியின் இமைகூடத் தெரிந்தது. ஆனால் அந்தப் படங்களைக் கண்டதும் பழைய கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கியது. ஒரு படம் திறப்பதற்குள் சோறு வெந்து, வடித்து, ஆறியும்விட்டது. விடுவாளா? தலவாக்கலையில் யாரோ விற்ற லேப்டாப்பைப் பிடித்து வந்தாள்.

வினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

கொழுந்து மண்டிக் கிடந்த மாதம் அது. ஞாயிற்றுக்கிழமையும் மலையில் வேலை. உச்சியில் நின்று சுதர்ஷினி லென்ஸைத் தூக்கியதும் கீழே கொழுந்து பறிக்கும் பெண்களின் கைகள் நின்றன.

"தொரை ஆள் வச்சு நம்மள வேவு பாக்குறான்டி!" என்று கூவினாள் அழகம்மா. அந்த மலையில் அழகம்மா சொன்னால் சொன்னதுதான்.

அடுத்த ஞாயிறு, லென்ஸ் அவர்கள் கண்ணை உறுத்தாமல் இருக்கட்டும் என்று சாக்கைப் போர்த்திக்கொண்டு புதருக்குள் உட்கார்ந்தாள்.

"பாத்தீங்களா? இப்ப ஒளிஞ்சுக்கிட்டுல்ல எடுக்குறா!"

காட்டிவிட்டால் தீர்ந்தது என்று, பெண்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனாள். வரிசையாகப் படங்களைக் காட்டினாள். எல்லாம் குருவி.

"குருவி கெடக்கட்டும். அதுக்குப் பின்னால, தேயிலைக்குள்ள குந்திக்கிட்டு வெத்தல மெல்லுறது யாரு? நாந்தானே?"

அழகம்மாவேதான். சுண்ணாம்பு தடவும் விரல்கூடத் துல்லியம். அவ்வளவு நல்ல லென்ஸ்.

அதன்பிறகு யாரும் அவளோடு பேசவில்லை. காலையில் குழந்தையை விட வருகிறவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அது சுதர்ஷினிக்கு வலித்தது. தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் சொல்லிக் கேமராவைப் பிடுங்கப் போகிறார்கள் என்றும் செய்தி வந்தது.

"வித்துரு சுதர்ஷினி. இந்த லயத்து வரிசையில நாலு பேரோட பொழைக்கணும்ல?" என்றான் நிரோஷன்.

"நான் என்ன களவா எடுத்தேன்? தொரையே வந்து நின்னாலும் நான் குருவியத்தாங்க எடுப்பேன். விக்க முடியாது!"

சனிக்கிழமை சாயந்தரம் அவர்கள் வந்தே விட்டார்கள். பத்துப் பெண்கள், முதுகுக் கூடையைக்கூட இறக்காமல். நிரோஷன் மெதுவாக அடுப்படிக்குள் நழுவினான். சுதர்ஷினி கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலை மறித்தாள்.

"உள்ள வாங்க அழகம்மாக்கா. தேத்தண்ணி குடிங்க. கேமரா மேல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது."

"நீ மொதல்ல அந்தப் பொட்டியத் தொற. கொழுந்து நிறுக்குற மடுவத்துக்கு முன்னால குருவி உக்காந்திருந்துச்சே, பீலியில காட்டுனியே, அந்தப் படம்."

திறந்தாள்.

"பெரிசாக்கு."

குருவி திரையை நிறைத்தது.

"இன்னும்."

வாலும், வாலுக்குப் பின்னால் மங்கலாக மடுவமும் மட்டும் மிஞ்சின. பத்துத் தலைகள் திரையை மொய்த்தன. சுதர்ஷினிக்குப் பொறுக்கவில்லை.

"என்ன வேணும்னாலும் தேடுங்கக்கா. நான் இத விக்க மாட்டேன்!"

அழகம்மா நிமிர்ந்தாள்.

"யாருடி ஒன்னைய விக்கச் சொன்னா? இதவிடப் பெருசா ஒன்னு வாங்கு புள்ள! பதினெட்டுக் கிலோ கொழுந்த கணக்கப்பிள்ளை பதினாலுன்னு எழுதுறப்ப தராசு முள்ளு எங்க நிக்குதுன்னு பாக்கணும். இந்தப் பாழாப்போன குருவியோட வாலு மறைக்குது!"