ரெண்டு விசில் கேட்டால் கடலுக்குள் போகும் நாய்

மரியாதைக்கும் விசிலுக்கும் உரிய மச்சானுக்கு, உன் அக்காவைக் கட்டியவன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா, நீ விட்டுவிட்டுப் போன நாய், மூன்று பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். உன்னைத் திட்டுவதற்கு நீ நல்லபடியாக இருப்பது அவசியம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் உன் அக்கா, "உங்களுக்கு என்னென்ன தெரியும்?" என்று கேட்டபோது, பஞ்சர் ஒட்டத் தெரியும் என்பதோடு வாயை மூடியிருக்கலாம். நீச்சலும் தெரியும் என்று கூடுதலாக ஒரு வார்த்தை வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக அந்த வார்த்தையைத் தண்ணீர் படாமல் காப்பாற்றி வந்தேன். ஜலதோஷம், காது வலி, கால் ஆணி என்று அந்தந்த நேரத்துக்கு ஏதாவது ஒன்று வந்து கை கொடுத்தது. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நாற்பது பேர் பார்க்க அது நனைந்துவிட்டது. அதற்குக் காரணம் நீ.

இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பாய். போனில் திட்டினால் "மாமா, பஸ் எடுத்தாச்சு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. மேலும் எங்கள் வீடு இரண்டே அறை. ஒரு அறையில் நான் பேசினால் இன்னொரு அறையில் இருந்து உன் அக்கா பதில் சொல்வாள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை இறக்கிவிட்டது உனக்குத் தெரியும். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். கோபத்தில் பிழை கிடையாது.

கண்டக்டர் வேலையில் தூரத்து டிப்போவுக்கு மாற்றலாகிப் போகும்போது, தங்கும் அறையில் நாய்க்கு இடமில்லை என்று செக்கரை எங்கள் தலையில் கட்டினாய். போகிற வருகிறவர் பாக்கெட்டையெல்லாம் மோந்து பார்க்கிறது, அதனால் செக்கர் என்று பெயர் வைத்தேன் என்றாய். பொருத்தமான பெயர்தான். டிக்கெட் எடுக்காதவன் மாதிரி நான் என் வீட்டிலேயே ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறேன். போகும்போது வாசலில் நின்று என்ன சொன்னாய்? "அவன் விசிலுக்குக் கட்டுப்படுவான் மாமா, தொண்டையே வலிக்காது" என்றாய். எந்த விசிலுக்கு எப்படிக் கட்டுப்படுவான் என்று சொன்னாயா? அது மட்டும் உன் வாயில் வரவில்லை. உன் அக்காவிடம் தனியாக வேறு, "அவனைக் கட்டியே வைக்காதக்கா, கொஞ்சம் ஓடவிடு" என்று ஓதிவிட்டுப் போயிருக்கிறாய்.

எங்கள் பஞ்சர் கடை இருக்கிற தெரு நேராகக் கடலில் போய்த்தான் முடிகிறது. முடியும் இடத்தில் ஒரு தகர போர்டு. 'இங்கே குளிக்கக் கூடாது' என்று ஒரு காலத்தில் எழுதியிருந்தார்கள். உப்புக் காற்று 'கூடாது'வைத் தின்றுவிட்டது. இப்போது 'இங்கே குளிக்க' என்று மட்டும் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதைப் படித்துவிட்டு, சரி இதுதான் இடம் என்று துண்டோடு இறங்குகிறார்கள். அந்த போர்டை மாற்ற ஓர் அலுவலகம், அதில் மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி, நாற்காலியில் ஓர் ஆள். போய்க் கேட்டால், "போர்டு இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்கிறான். அவன் வண்டி ஒருநாள் என் கடைக்கு வரும். அன்றைக்கு நானும், "டயர் இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்று கேட்பேன்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மணலில் உட்கார்ந்தால் என்னால் எழுந்திருக்க முடிவதில்லை. அதனால் யாரோ ஒட்டக் கொடுத்துவிட்டு வாங்க வராமல் போன லாரி ட்யூப் ஒன்றில் காற்றடித்து, அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் கடற்கரைக்குப் போவேன். உன் அக்கா, "ராஜா சிம்மாசனத்தோட கிளம்பிட்டாரு" என்பாள். அன்றைக்கும் போய் அதன் மேல் உட்கார்ந்தேன். உன் அக்கா செக்கரின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தாள்.

"அவுக்காதடி, அலை பெருசா இருக்கு" என்றேன்.

"தம்பி சொல்லியிருக்கான், அவன் ஓடணுமாம்."

"உன் தம்பி ஓடற பஸ்ஸில நின்னுக்கிட்டே வர்றவன். ஓட்டத்தைப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?"

"பஞ்சர் ஒட்டறவருக்கு ரொம்பத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, கயிற்றை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

நாய் முதலில் ஒழுங்காகத்தான் இருந்தது. நுரை வருகிற இடத்தில் காலை நனைத்துக்கொண்டு, ஒரு செத்த நண்டை விசாரித்துக்கொண்டிருந்தது. அங்கே ஒரு கரைக்காவலர் உண்டு. என் வயசு, என்னைவிடக் கொஞ்சம் சின்னத் தொப்பை. அவர் நாயைப் பார்த்தார். தண்ணீரை விட்டு வெளியே வா என்பதற்கு அவர்கள் வழக்கத்தில் இரண்டு விசில். ஆள் கடமை தவறாதவர், எடுத்து இரண்டு ஊதினார். செக்கர் தலையைத் தூக்கியது. காது இரண்டும் நிமிர்ந்தன. ரைட் கிடைத்த பஸ் மாதிரி கடலுக்குள் கிளம்பிப் போய்விட்டது. அவர் பதறிப்போய் மறுபடியும் இரண்டு ஊதினார். அது வேகம் பிடித்தது. அவர் ஊத ஊத, அது போகப் போக, "யோவ், யார் நாய்யா இது, கூப்பிடக் கூப்பிட உள்ள போவுது?" என்று அவர் கத்த, எனக்கு அப்போதும் விளங்கவில்லை மச்சான். ஒரு விசிலுக்கு நில், இரண்டு விசிலுக்குப் போ என்று நாயைப் பஸ்ஸாக வளர்த்து வைத்திருக்கிறாய் என்று நான் எப்படிக் கண்டேன்? உலகத்தில் எவனாவது நாய்க்கு அதைச் சொல்லிக் கொடுப்பானா?

உன் அக்கா, "செக்கரே" என்று ஒரு சத்தம் போட்டாள். அடுத்த நிமிஷம் அவளும் தண்ணீரில் இருந்தாள். அலை அடிக்கிற இடத்தில் இறங்கியிருந்தாலாவது அலை தூக்கிக் கரையில் போட்டிருக்கும். நடுவில் ஒரு இடம் அலையே இல்லாமல், தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி அமைதியாகக் கிடந்தது. அதைப் பார்த்து அதில் இறங்கினாள். அதுதான் ஆளை இழுக்கிற இடமாம். கரைக்காவலர் பிறகு சொல்லித்தான் தெரியும். எனக்குப் புரிகிற மாதிரி நானே யோசித்துப் பார்த்தேன். ட்யூபுக்கு ஒரு வால்வு இருப்பது மாதிரி. அலை கொண்டுவந்து கொட்டுகிற அத்தனை தண்ணீரும் திரும்பிப் போக ஓர் ஓட்டை வேண்டும் இல்லையா? அந்த அமைதிதான் ஓட்டை. உன் அக்காவுக்குக் கிணற்று நீச்சல் தெரியும். கிணறு ஆளை எங்கேயும் கூட்டிக்கொண்டு போகாது. கடல் கூட்டிக்கொண்டு போகும்.

கிண்டல் பண்ணாமல் நாலு வரி எழுதுகிறேன், பொறுத்துக்கொள். அவள் தலை தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை. அப்புறம் இன்னும் தள்ளித் தெரிந்தது. நான் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, அவள் பெயரைக்கூடக் கூப்பிட வராமல், "ஏய், ஏய்" என்று கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருத்தன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டே, "சார், உங்களுக்கு நீச்சல் தெரியாதா?" என்று கேட்டான். தெரியாது என்று அவனிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன்.

கரைக்காவலருக்குக் கொடுத்த மிதவை கிழிந்து மூன்று மாதமாம். புதுசு கேட்டு எழுதிப் போட்டிருக்கிறாராம். அந்த மின்விசிறிக்காரனுக்குத்தான் எழுதியிருப்பார். அப்போதுதான் எனக்குச் சிம்மாசனம் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் ட்யூபை உருட்டிக்கொண்டு வந்தேன், கையில் இருந்த நாய்க் கயிற்றை அதில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு பாய்ந்தார். போய்ச் சேர்ந்து, அவளை ட்யூபைப் பிடிக்க வைத்து, கயிற்றின் மறுமுனையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, நேராகக் கரைக்கு வராமல் பக்கவாட்டில், கரையை ஒட்டியபடியே தெற்கே நீந்தினார். ஐயையோ, இந்த ஆளுக்குத் திசை தெரியவில்லையே என்று நான் இங்கிருந்து குதிக்கிறேன். அந்த இழுப்பை எதிர்த்து நீந்தினால் கை ஓய்ந்துவிடும், ஒதுங்கி வெளியே வந்துவிட்டால் அலையே கொண்டுவந்து விடும் என்பது அவர் கணக்கு. அப்படியேதான் ஆனது. கரையில் இருந்து நாலு பேர் இறங்கிக் கைகொடுத்தார்கள். நீ டிப்போ முழுக்க, "எங்க மாமா போட்ட ஒட்டு அடுத்த ஸ்டாப் வரைக்கும்தான்" என்று சொல்லித் திரிவாயாமே. அந்த ட்யூபில் மூன்று ஒட்டு. மூன்றும் நான் போட்டது. எதுவும் விடவில்லை. டிப்போவில் இதையும் சொல்.

இதற்கிடையில் உன் செக்கர் எங்கே என்று கேள். உன் அக்கா இறங்கிய இரண்டாவது நிமிஷமே அது பாறைப் பக்கமாகக் கரை ஏறிவிட்டது. ஆற அமர உடம்பை உதறிக்கொண்டது. நேராக என்னிடம் வந்து, கட்டிய மனைவி கடலில் இருக்கும்போது, என் சட்டைப் பாக்கெட்டைச் சோதனை போட்டது.

உன் அக்கா மணலில் படுத்து இருமி இருமிக் கண்ணைத் திறந்தாள். "செக்கர் வந்துட்டானா?" என்றாள். வந்துட்டான் என்றேன். இன்னும் கொஞ்சம் இருமினாள். "நீங்க ஏன் வரல?" என்றாள். அதற்கு நான் ட்யூபைப் பற்றி ஏதோ சொன்னேன். அவள் ட்யூபைப் பார்க்கவில்லை.

கரைக்காவலர் மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு பாடம் எடுத்தார். "இந்தாம்மா, நாய்க்கு நாலு காலு. பெரும்பாலும் அதுவா ஏறிடும். அதைப் பிடிக்கப் போறவங்களைத்தான் நான் தூக்கிட்டு வர்றேன். அது உள்ள போனா நீங்க கரையிலேயே நில்லுங்க. எங்க ஏற வசதியோ அந்தப் பக்கமா நடந்துகிட்டே கூப்பிடுங்க, உங்களைப் பாத்து வரும். அலை பெருசா இருந்தா கயித்தையே அவுக்காதீங்க. தண்ணிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்காதீங்க." பிறகு நாயைக் கட்டி என் கையில் கொடுத்துவிட்டு, சந்தேகத்துக்கு விசிலை எடுத்து இரண்டு ஊதினார். நான் மூன்று கெஜம் மணலில் குப்புறப் போனேன். ஒன்று ஊதினார். நாய் ஒரு காலைத் தூக்கியபடியே சிலை மாதிரி நின்றது. கூட்டத்தில் பத்துப் பேர் கைதட்டினார்கள். உன் அக்கா என்ன செய்தாள் தெரியுமா? தலையில் மண், காதில் மண், கண் சிவந்து உட்கார்ந்திருந்தவள் எழுந்து, "எங்க தம்பி டபுள் விசில் கொடுத்தா பஸ்ஸே போவும்" என்றாள். பெருமையாக மச்சான்.

எனக்கு வயிறு எரிவது இதற்கெல்லாம் இல்லை. வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, "மறுபடியும் அது போனா மறுபடியும் இறங்குவேன். தம்பி நம்பி ஒப்படைச்ச உயிர்" என்கிறாள். நான் சொன்னேன், கரைக்காவலர் சொன்னார், பக்கத்து வீட்டு நர்ஸ் வந்து நுரையீரலுக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று ஒரு மணி நேரம் சொன்னாள். உன் அக்காவுக்கு எதுவும் ஏறவில்லை. நான் வாயைத் திறந்தால், "நீச்சல் தெரியாதவங்க தண்ணியைப் பத்திப் பேசக்கூடாது" என்று அடைத்துவிடுகிறாள். அது ஒன்று போதும் அவளுக்கு, இன்னும் இருபத்திரண்டு வருஷத்துக்கு வரும். தினமும் சாயங்காலம் ஐந்து மணி ஆனால் கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள், நான் கடையில் பாதி கழற்றிய சக்கரத்தை அப்படியே போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடுகிறேன். வாடிக்கையாளர் எல்லாம் எனக்கு வயிற்றுப்போக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த உலகத்தில் அவள் கேட்கிற ஒரே ஆள் நீ. எட்டு வயசில் நீ கத்திரிக்காய் வேண்டாம் என்றாய், இன்றுவரை எங்கள் வீட்டில் கத்திரிக்காய் கிடையாது. அதனால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே, பஸ் நின்றாலும் சரி ஓடினாலும் சரி, உன் கையெழுத்தில் அவளுக்கு ஒரே ஒரு வரி எழுது. 'அக்கா, செக்கர் கடலுக்குள் போனால் போகட்டும், நீ இறங்காதே.' அவ்வளவுதான். பாசம், கண்ணீர் எல்லாம் அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள். இன்னொன்று, லீவு போட்டுவிட்டு வந்து அந்த நாய்க்கு இரண்டு விசில் என்றால் திரும்பி வா என்று மாற்றிச் சொல்லிக்கொடு. வராவிட்டால் நாயை உன் பஸ்ஸிலேயே ஏற்றி அனுப்புவேன், முன் சீட்டில், ஜன்னலோரமாக. நாய் போனாலும் வேறொன்று வரும். உன் அக்கா ஒருத்திதான் இருக்கிறாள். நாளைப் பின்னே எனக்குச் சண்டை போட ஆள் வேண்டும்.

உன் ஓட்டுநரையும், டிப்போவில் என்னை மறந்தவர்களையும் மறக்காதவர்களையும் விசாரித்ததாகச் சொல். நீ போகிற பாதையெல்லாம் மேடுபள்ளம் இல்லாமல் இருக்கட்டும், உன் படிக்கட்டில் ஒருவரும் தொங்காமல் இருக்கட்டும், விசில் அடிக்கிற உன் வாய் மட்டும் ஒரு வாரம் புண்ணாகட்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் மாமா

பின்குறிப்பு: அந்த ஒரு வரியை உன் அக்காவுக்கு எழுத வேண்டாம், என் பெயருக்கே எழுது. இன்று காலையும் போயிருந்தோம். தண்ணீரில் செக்கர் மாதிரியே பழுப்பாக ஒன்று மிதந்துபோவதைப் பார்த்தேன். இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் போய்விட்டேன் போலிருக்கிறது. உன் அக்கா கரையிலேயே நின்று, அலை உடைகிற பக்கமாக நடந்துகொண்டே என்னைக் கூப்பிட்டாள். நான் அவளைப் பார்த்து வந்துவிட்டேன். மிதந்தது ஒரு சாக்கு. நாய் கயிற்றோடு அவள் காலடியில் உட்கார்ந்திருந்தது. என் இடது செருப்பு போய்விட்டது.