அறுநூற்று நாற்பது நாற்காலிகளும் ஒரு பூனையும்

ஷீட்டின்படி குடோனில் அறுநூற்று நாற்பது நாற்காலிகள் இருந்தன. குடோனின்படி ஒரு பூனை இருந்தது.

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பூனையும் அவரைப் பார்த்தது. கூரை ஓட்டை வழியாக வந்த வெயில் வெறும் தரையில் விழுந்து கிடந்தது. நாற்காலிக் கம்பெனிக்கு மேனேஜராகி மூன்று வருடமாகிறது; அவர் குடோனுக்குள் காலெடுத்து வைத்தது இன்றுதான். அதுவும் ரிப்போர்ட்டின் முகப்பில் போட ஒரு போட்டோ எடுப்பதற்காக. கணினியில் எல்லாம் தெரியும்போது மனுஷன் எதற்கு வெயிலில் நடக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி.

"நாற்காலி எங்கய்யா?" என்றார் ஸ்டோர்க்காரரிடம்.

"இங்க இல்லீங்க மாப்பிள்ளை. அது வந்து..."

"இல்லைன்னா என்ன அர்த்தம்? ஷீட்டுல இருக்கே!"

"ஷீட்டுல இருக்குங்க. நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"ஷீட்டுல இல்லாததை என்கிட்ட பேசக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

ஸ்டோர்க்காரர் வாயை மூடிக்கொண்டார். மூன்று வருடப் பழக்கம்.

கம்பெனி மாமனாருடையது. பெண்ணைக் கட்டிக்கொண்டு லேப்டாப்போடு வந்து சேர்ந்த மாப்பிள்ளை, முதல் மாதத்திலேயே கம்பெனி மொத்தத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து உள்ளே அடைத்துவிட்டார். லீவு வேண்டுமா, கட்டம். ஆணி வேண்டுமா, கட்டம். தும்மினால்கூட எந்தக் கட்டத்தில் தும்மினாய் என்று கேட்பார் போலிருந்தது. முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே 'கட்டம்'தான். திங்கட்கிழமை தோறும் மாமனாருக்கு வண்ண வண்ணமாக ரிப்போர்ட் போகும். மாமனார் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா கலரா இருக்கு மாப்பிள்ளை" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்.

இன்று நாள் வேறு. ஒரு கல்லூரியின் பட்டமளிப்பு விழாவுக்கு அறுநூறு நாற்காலிகள் போயாக வேண்டும். "அது ஒழுங்கா போய்ச் சேரட்டும். நாலு மணிக்கு வந்து சாவிக்கொத்தை உங்க கையில கொடுத்துட்டு நான் வீட்டோட உக்காந்துக்கறேன்" என்று மாமனார் சொல்லியிருந்தார். போய்ச் சேராவிட்டால் சாவி அவருடைய மூத்த மகளுக்கு. சரக்கை லாரியில் ஏற்றி அனுப்புவதைப் பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாள் கணினியைத் தொட்டதில்லை. ஒரு நீளநோட்டு, அதன்மேல் ஒரு ரப்பர் பேண்டு, அவ்வளவுதான்.

நோட்டுப் புத்தகத்திடம் தோற்பதா?  காலையில் மனைவி வேறு, "அக்காகிட்ட தோத்துட்டு மட்டும் வந்துடாதீங்க. எங்க வீட்டு மனுஷங்க முகத்துல என்னால முழிக்க முடியாது" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஓட்டமும் நடையுமாக அறைக்குத் திரும்பினார். ஷீட்டில்தான் எங்கோ தப்பு. தேடினால் ஒன்றல்ல, பதினேழு ஷீட் இருந்தன. 'இறுதி', 'இறுதி 2', 'இறுதி இதுதான்', 'இறுதி சத்தியமா இதுதான்'. ஒன்றில் அறுநூற்று நாற்பது, ஒன்றில் அறுபத்து நான்கு, ஒன்றில் எண்ணே இல்லாமல் ##### என்று வரிசையாக வேலி போட்டிருந்தது. சத்தியம் செய்த ஷீட்டை நம்பி, அதில் இருப்பைப் பூஜ்யமாகத் திருத்தினார். அடுத்த நொடி ஷீட் முழுக்கச் சிவந்து போயிற்று.

சரி, செய்தே தீர வேண்டியதுதான். பட்டறைக்கு அவசர உத்தரவு தயார் செய்தார். முதல் வரிசையில் 'கால் 4' என்று அடித்து, நாற்காலிக்கு ஒரு வரிசையாக, மூலையைப் பிடித்து அறுநூறாவது வரிசை வரை இழுத்துவிட்டு, அச்செடுத்து அனுப்பினார்.

பின்தெருவில் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. "மனுஷனை யோசிக்க விடுறானுங்களா பாரு" என்று எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

இரண்டு மணிக்குப் பட்டறை மேஸ்திரி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வியர்வையோடு வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, ஒன்பது கால் வரைக்கும் வெச்சுட்டோம். பத்தாவது காலை எங்க வைக்கிறது?"

"என்னய்யா உளர்றீங்க?"

மேஸ்திரி தாளை நீட்டினார். கால் 4. கால் 5. கால் 6. இழுக்க இழுக்க ஷீட் தன்பாட்டுக்கு ஒவ்வொரு காலாகக் கூட்டிக்கொண்டே போயிருந்தது. கடைசி வரிசையில் கால் 603.

"நாற்காலிக்கு எத்தனை காலுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியுங்க. போன வருஷம் ஷீட்டுல இல்லாத ஒரு திருகாணியைச் சேர்த்ததுக்கு மெமோ கொடுத்தீங்க. அதுலேருந்து எனக்குத் தெரிஞ்சதை நான் செய்யறதில்லீங்க."

மேஸ்திரி போன பிறகு மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். மணி மூன்று. மிச்சமிருந்தது ஒரே வழி. ஷீட்டில் 'அனுப்பியாயிற்று' என்ற கட்டத்தில் அறுநூறு என்று அடித்தார். எல்லாம் பச்சையாயிற்று. பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. இருப்பு மட்டும் மைனஸ் அறுநூறு என்று காட்டியது. அது கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்தக் கட்டம் நிரம்பினால் வாடிக்கையாளருக்குத் தானாகவே மெசேஜ் போகும்படி ஏற்பாடு செய்திருந்தது அவரேதான். 'அறுநூறு நாற்காலிகள் வந்து சேர்ந்தன. நன்றி.' டிங் என்று சத்தம் கேட்ட பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. 

சரியாக நாலு மணிக்கு மாமனார் வந்தார். கூடவே கல்லூரிக்காரரும் வந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று மாப்பிள்ளை எழுந்து நின்றார். உட்காரச் சொல்ல அறையில் இருந்தது மேஸ்திரி விட்டுப்போன ஒன்பது கால் நாற்காலி மட்டும்தான். கல்லூரிக்காரர் அதில் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தார். அது அசையவே இல்லை.

"பலே, கெட்டியா இருக்கே!" என்றவர், "சார், அறுநூறும் வந்துடுச்சு. ஒண்ணுல ஒரு கீறல் கிடையாது. பாதி இறங்கும்போதே உங்க மெசேஜ் வந்துடுச்சு. அவ்வளவு வேகம்!" என்றார்.

மாப்பிள்ளை திறந்த வாயை மூடினார். இந்த ஆள் மெசேஜைப் படித்தே நாற்காலியைக் கண்ணால் பார்த்துவிட்டான்! தன் ஷீட்டின் சக்தியை எண்ணி அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது. பூனையையும் மேஸ்திரியையும் அந்த நிமிடமே மறந்தார்.

"எல்லாம் சிஸ்டம் சார்" என்றார் அடக்கமாக. "மனுஷங்களை நம்பினா இது நடக்குமா?"

வாசலில் நின்ற ஸ்டோர்க்காரர் இருமினார். மாப்பிள்ளை அவரைப் பார்வையாலேயே அடக்கினார்.

மாமனார் மனம் குளிர்ந்து இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார். அதில் பெரிய சாவிகள் இரண்டு இருந்தன. ஒரே விஷயம் இரண்டு இடத்தில் இருந்தால் மாப்பிள்ளைக்குப் பொறுக்காது.

"எதுக்கு மாமா ரெண்டு சாவி? நமக்கு இருக்கறதே ஒரு குடோன்தானே? ஒண்ணை எடுத்துடலாம்."

நீட்டிய கை பாதியில் நின்றது. மாமனார் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெதுவாக வாசல் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, பின்தெரு குடோன்ல இருந்துதானே பெரியவ மத்தியானம் அறுநூறையும் லாரியில ஏத்திக்கிட்டுப் போனா? அப்படி ஒரு குடோன் இருக்குன்னு மூணு வருஷமா இவர்கிட்ட யாருமே சொல்லலையா?"

ஸ்டோர்க்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கூரை ஒழுகுதுன்னு சரக்கை அங்க மாத்தின அன்னிக்கே ஓடிவந்து சொன்னேங்க முதலாளி. ரெண்டாவது குடோனுக்கு ஷீட்டுல கட்டம் இல்லை, அதனால அப்படி ஒரு குடோன் கிடையாதுன்னு சொல்லிட்டாருங்க."