முன்னே நின்று நடத்திக் கொடுத்தவர்

பிறர் சொல்வதை ஒரு சொல் விடாமல் நம்புகிற உலகத்தின் கடைசி மனிதர், மாரண்டஹள்ளியில் நான் கணக்கு எழுதும் தக்காளி மண்டியில்தான் எடை போட்டுக்கொண்டிருக்கிறார். எதைச் சொன்னாலும் ‘சரிங்க’ என்பார். சொன்னதை அப்படியே செய்தும் விடுவார். அதனால் அவர் பேரே ‘சரிங்க’ ஆகிவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அவர் குறுக்கே போனார். மரியாதைக்கு, “வாங்கண்ணே, சாப்பிடலாம்” என்றேன். இதற்கு ஊர் உலகத்தில் ஒரே பதில்தான் உண்டு: “இருக்கட்டுங்க, நீங்க சாப்பிடுங்க.” சரிங்க உட்கார்ந்துவிட்டார். களியையும் கீரைக் குழம்பையும் காலி செய்து, டப்பாவைக் கழுவிக் கொடுத்து, “நாளைக்கும் கூப்புடுங்க” என்றார்.

இன்னொரு நாள் தக்காளி விலை படுத்துவிட்டது. முதலாளி தலையில் அடித்துக்கொண்டு, “இந்த வெலைக்கு விக்கறதுக்கு ரோட்டுல கொட்டிடலாம்யா!” என்றார். அவர் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது வாசலே சிவந்து கிடந்தது. ஊர் மாடுகள் பந்தி போட்டிருந்தன.

“எவன்டா கொட்டுனது?”

“நீங்கதானுங்களே சொன்னீங்க. மீதி கிரேடு பொட்டிங்க உள்ள இருக்குது, அதையும் கொட்டிரட்டுங்களா?”

இப்படிப்பட்ட ஆளிடம் நான் என் தங்கையின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்து, “முன்னாடியே வந்து, முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்ணே” என்று சொன்னால் என்ன ஆகும்? ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குத் திங்கட்கிழமையே பாயும் தலையணையுமாக வந்து இறங்கினார். பந்தல்காரரை விரட்டினார். சமையல்காரரிடம் உப்பு பார்த்தார். ‘இவர் யாருப்பா?’ என்று சொந்தக்காரர்கள் கேட்க, மாப்பிள்ளை வீட்டார் இவரைத்தான் பெண்ணின் பெரியப்பா என்று நினைத்து வணக்கம் வைத்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தது வினை. எங்கள் வீட்டு வழக்கப்படி தாய்மாமன் உள்ளே வந்து மாலை போட்டால்தான் பெண் மண்டபத்துக்குக் கிளம்ப முடியும். அம்மாவுக்கு ஒரே தம்பி. அவரோ தெருவில் நின்று ஃப்ளெக்ஸ் பேனரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கூலிங்கிளாஸ் போட்ட ஒன்றுவிட்ட அண்ணன்கள் இருந்தார்கள். மேகத்துக்கு நடுவே செத்துப்போன தாத்தா இருந்தார். மாமாவைக் காணோம்.

“எம்மூஞ்சிய போட எடமில்ல, அப்படித்தானே? இனி செத்தாலும் உங்க வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்!”

அம்மா அழுதார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். மண்டபத்திலிருந்து ‘பொண்ணு கிளம்பியாச்சா?’ என்று போன் மேல் போன். தங்கை நகையும் பூவுமாக உள்ளே விசும்பிக்கொண்டிருந்தாள். கல்யாணமே நின்றுவிடும் போலிருந்தது. அப்போது சரிங்க கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“வாசப்படியத்தானுங்க மிதிக்க மாட்டீங்க?”

“மிதிக்கவே மாட்டேன்யா!”

“சரிங்க.”

குனிந்தார். தக்காளிக் கிரேடு தூக்குகிற லாகவத்தில் மாமாவை அலாக்காகத் தோளில் ஏற்றினார். மாமா கால்களை உதைத்ததில் ஒரு செருப்பு பந்தல்மேல் பறந்தது. படியைத் தாண்டிக் கூடத்தின் நடுவில் இறக்கி, வேட்டியையும் சரிசெய்துவிட்டு, “படி மேல கால் படலீங்க. எல்லாரும் பாத்தீங்கல்ல?” என்றார்.

முதலில் சிரித்தது தங்கை. பவுடர் அழியும் என்ற கவலைகூட இல்லாமல் குலுங்கினாள். மாமா முறைத்துப் பார்த்தார், மீசையைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே மாலையை எடுத்தார்.

வெளியே போகும்போது அவரே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, “ம், தூக்குய்யா” என்றார். ஆல்பத்தில் இப்போது முதல் பக்கமே அந்தப் போட்டோதான். ஃப்ளெக்ஸை மாமா மறந்தே போய்விட்டார்.

கல்யாணம் முடிந்து பாயைச் சுருட்டிய சரிங்கவிடம் அம்மா, “இனி நீயும் எங்க வூட்டுப் புள்ளதாம்பா” என்றார். யாரும் யாரிடமும் சொல்கிற பேச்சுதான். அடுத்த ஞாயிறு சாப்பாட்டு நேரத்துக்கு அவர் வந்து நின்றபோது நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஏற்கெனவே அவருக்கும் சேர்த்து இலை போட்டிருந்தார். எனக்குக் கூடப் பிறந்த அண்ணன் இல்லை என்ற குறை அன்றோடு போயிற்று.