கஸ்தூரியின் வயிற்றுத் தையலும் அக்கா வாசலில் நின்றதும்

ஆரம்பாக்கத்தில் இருக்கும் மச்சான் ராஜவேலு அவர்களுக்கு, பழவேற்காட்டிலிருந்து தங்கை புருஷன் பூபதி கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை கஸ்தூரியும் உயிரோடு இருக்கிறோம். அங்கே உங்கள் வலைக்கு மீனும் தோணிக்குக் காற்றும் குறையாமல் இருக்க வேண்டும். உங்கள் கோபம் மட்டும் குறைய வேண்டும்.

உங்கள் வீட்டுக் கோவிந்தம்மா அக்கா ஏரி கடந்து நண்டுக் குழம்போடு வந்தும், வாசல் படலைத் திறக்காமல் நான் திருப்பி அனுப்பியது உண்மைதான். "நாத்தனாரைப் பாக்கப் போனவள நாயாட்டம் தொரத்திட்டான்" என்று நீங்கள் துறை முழுக்கச் சொல்வதாகக் கேள்வி. நடந்ததை முழுக்கச் சொல்லிவிடுகிறேன். அதன்பிறகு திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

திருப்பாலைவனத்து நெல் வண்டி மாடு மிரண்டு, மீன் விற்றுக்கொண்டிருந்த கஸ்தூரியின் வயிற்றைக் குத்திக் குடல் சரிந்ததும், நான் அவளைப் பலகையில் கிடத்திக் கோட்டைக்குத் தூக்கிப் போனதும் உங்களுக்குத் தெரியும். கடல் தாண்டி வந்த உலாந்தாக்கார வெள்ளையரின் ரண வைத்தியர் புண்ணை இன்னும் கொஞ்சம் அறுத்து, குடலைக் கழுவி உள்ளே தள்ளி, பட்டு நூலால் தைத்தார். நான் வெளியே உட்கார்ந்து தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லோரையும் கூப்பிட்டேன். யார் வந்து காப்பாற்றினார் என்று தெரியாததால் இப்போது எல்லோருக்கும் படையல் போட வேண்டியிருக்கிறது. தையல் காய ஆரம்பித்தது. பிழைத்தாள் என்று நினைத்தேன். அப்போதுதான் சிங்காரம் பெரியப்பா பார்க்க வந்தார், பக்கத்தில் உட்கார்ந்து அழுதார், இருமினார், போனார். பெரியப்பாவுக்கு மறுநாளே இருமல் நின்றுவிட்டது. கஸ்தூரிக்கு அது நெஞ்சில் இறங்கிக் காய்ச்சலாகிவிட்டது. ஒவ்வொரு இருமலுக்கும் தையல் பிய்ந்துவிடுமோ என்று இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் துடித்ததை எப்படி எழுதுவேன்? போதாததற்குக் காலில் முன்பே இருந்த ஒரு மீன் முள் கீறல். பிறந்ததிலிருந்து முள் குத்தி மரத்துப்போன கால் அது, ஒரு நாளும் சீழ் வைத்ததில்லை. இப்போது பூசணிக்காயாக வீங்கியது.

கோட்டைக்கு ஓடினேன். வைத்தியர் சொன்னதைத் துபாசி அந்தோணிசாமி தமிழில் எனக்குச் சொன்னார்: "வயித்தைக் கீறித் தெச்சா, ஒடம்பு இருக்கற பலத்தையெல்லாம் அங்கியே கொண்டுபோய்க் கொட்டிடுதாம்பா. வேற பக்கம் இன்னா வந்தாலும் தடுக்கத் தெம்பு இல்ல. கப்பல்ல இவரு தெச்ச ஆளுங்க பலபேரு தையல்ல சாவலயாம். பக்கத்துல படுத்தவன் இருமல்ல செத்தாங்களாம்."

"எப்ப வரிக்கும் இப்பிடி?"

"அவருக்கே தெரியாதாம். பசி எடுக்கணும், தானா எழுந்து நிக்கணும். அப்பத்தான் நம்பலாமாம்."

அன்றிலிருந்து நான் படலுக்குக் காவல். அந்த நேரம் பார்த்துத்தான் அக்கா வந்தார். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"இன்னா தம்பி, நானு வெளியாளா?"

"நீங்க இல்லக்கா. உங்க மூக்குதான்."

இதைவிடப் பதமாகச் சொல்லியிருக்கலாம்தான். அக்கா சட்டியைப் படலோரம் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். நண்டு பத்தியத்துக்கு ஆகாது என்பதால் நானே சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

ஆனால் அக்கா குரல் உள்ளே கேட்டுவிட்டது, மச்சான். அதன்பிறகு கஸ்தூரி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கஞ்சியைத் தொடவில்லை. "சளி வராம பாத்துக்குன. சரி. மனுசங்க மொகத்தைப் பாக்காம நானு எத்தைப் புடிச்சிக்குனு எழுந்திரிப்பேன்?" என்றாள். நோய் நுழையாமல் அடைத்தால் போதும் என்றிருந்தேன். உடம்புக்குத் தெம்பு போகிற வழியும் அதே வாசல்தான் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

கடைசியில் பக்கத்து வீட்டு உம்மு ஹானியைக் கூப்பிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தேன். கஸ்தூரியின் பாயை வாசலோரம் இழுத்துப் போட்டேன். இருவரும் கத்திக் கத்திப் பேசினார்கள். ஊரில் எவர் வீட்டு ரகசியமும் மிச்சமில்லை. "சிரிக்க வெக்காதடி, தையல் இழுக்குது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே கஸ்தூரி சிரித்தாள். அன்று கஞ்சி முழுக்க இறங்கியது. இப்போது காய்ச்சல் விட்டுவிட்டது, கால் வற்றிவிட்டது, சுவரைப் பிடித்து நாலடி வைக்கிறாள்.

ஆகவே, யாரும் இப்போதைக்கு வர வேண்டாம். நான் ஒருவன் போதும். நான் இருக்கும்வரை ஈகூட நுழையாது. அக்காவிடம் தம்பி காலில் விழுந்ததாகச் சொல்லவும். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. உங்கள் வீட்டில் யாருக்கும் தும்மல்கூட வராமல் எல்லாச் சாமியும் காக்கட்டும்.

இப்படிக்கு,
பூபதி

மறுபடியும் எழுதுவது: மேலே எழுதியதெல்லாம் ரத்து. ஓலையைச் சுருட்டும்போது எனக்கு அடுக்காகத் தும்மல் வந்தது. கஸ்தூரி என்னை வெளியே தள்ளிப் படலைக் கட்டிவிட்டாள். கவிழ்த்த தோணி நிழலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அக்காவுக்குச் சளி விட்டிருந்தால் உடனே அனுப்பவும், கஞ்சி வைக்க ஆளில்லை. ஒன்று சொல்லியாக வேண்டும், மச்சான். அவள் எதையும் பிடிக்காமல் எழுந்து வந்துதான் என்னைத் தள்ளினாள். அந்தக் கையில் பழைய பலம் இருந்தது.